மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

என் மகளுக்கு வந்த காய்ச்சல் இரண்டு முறை முடிந்தது. முதல் முறை, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிய நாளில். இரண்டாம் முறை, என் கணவரின் அக்காவான அண்ணி எங்கள் பின்வாசல் கல்லில் அவளை உட்காரவைத்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரை மூன்றாம் தடவையாக அவள் தலையில் ஊற்றிய நாளில். ஆஸ்பத்திரிக்காரர்கள் டிக்கட்டின் அடியில் கிளினிக்குக்கு வர வேண்டிய திகதியை எழுதியிருந்தார்கள். அண்ணி அப்படி எதையும் எழுதித் தரவில்லை. அவர் ஊற்றினால் முடிந்தது முடிந்ததுதான்.

அப்போது மகளுக்குப் பதினைந்து வயது. ஒரு புதன்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் தேநீர் கொடுக்கப் போனேன். கண் மேலே சொருகி, கை கால் இழுத்துக்கொண்டு கிடந்தாள். றக்வானையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பாதையில் எத்தனை வளைவு இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வாரம் வார்டில் இருந்தாள். ஒரு வைரஸ் மூளைக்குள் போய் வீக்கத்தை உண்டாக்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். எட்டாம் நாள் கண் திறந்து அவள் சொன்ன முதல் வார்த்தை "வத்துர." பக்கத்தில் நின்ற தாதி தண்ணீரோடு ஓடி வந்தார். பிள்ளை பிழைத்ததே என்று விழுந்து அழ வேண்டிய நேரத்தில், தண்ணீரைச் சிங்களத்தில் கேட்டாளே, தமிழில் கேட்கவில்லையே என்று எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தது. டீச்சர் வேலை பார்ப்பவளின் புத்தி அது. எங்கே போனாலும் சிவப்புப் பேனையோடுதான் போகும்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நோயாளியைப் பார்க்க வருவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஆளுக்கொரு பால்மா டின், நாலு தோடம்பழம், ஒரு நோய் விளக்கம். மா டின்களை அலுமாரியில் அடுக்கினேன். விளக்கங்களை எங்கே வைப்பது? குளத்துத் தண்ணீர் என்றார் ஒருவர். பயந்த கோளாறு என்றார் இன்னொருவர். கடைசியில் வென்றது அண்ணியின் விளக்கம்.

"இது உள்ளம்மை. வெளிய போட வேண்டிய முத்து உள்ள போட்டிருச்சு. மண்டைக்குள்ள."

"அண்ணி, ஆஸ்பத்திரியில வைரஸ்னு சொன்னாங்க. முதுகுத்தண்டுல தண்ணி எடுத்துப் பாத்தாங்க."

"டீச்சரம்மா, ஒங்க வைரஸுக்குக் கண்ணு இருக்கா? எங்க ஆத்தாவுக்கு ஆயிரம் கண்ணு. எது பாத்துப் போட்டிருக்கும்? நீங்களே கணக்குப் போடுங்க."

விஞ்ஞான டீச்சர் வராத நாட்களில் எட்டாம் வகுப்புக்கு வைரஸ் என்றால் என்ன என்று படம் வரைந்து விளக்கியவள் நான். அந்தப் படத்தை அண்ணிக்கும் வரைந்து காட்டியிருக்கலாம். பெற்ற பிள்ளையின் கண் மேலே சொருகுவதைப் பார்த்தவளுக்கு விவாதம் செய்யத் தெம்பிருக்காது. டொக்டர் சொன்னதற்கும் தலையாட்டினேன், அண்ணி சொன்னதற்கும் தலையாட்டினேன். ஆத்தா நேரில் வந்திருந்தால் அவளுக்கும் ஆட்டியிருப்பேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடித்து, ஈரத் தலையில் விபூதி வைத்து, அண்ணி சட்டம் போட்டார்.

"அம்மா எறங்கிட்டா. இனி இந்த வீட்டுல இதப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. பேரச் சொன்னா கூப்புட்ட மாதிரி. கூப்புட்டா வருவா."

என் கணவர் றக்வானை பஜாரில் ஆணி, குழாய், பெயின்ட் விற்கும் கடை வைத்திருக்கிறார். பத்து வகை குழாய்க்கும் அளவு சொல்லத் தெரிந்தவர் அக்காவுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லத் தெரியாதவர். "சரிக்கா" என்றார். பாடசாலைக்குக் கொடுத்த லீவுக் கடிதத்தில் நானும் அழகான கையெழுத்தில் "பூரண சுகம்" என்று எழுதினேன்.

பூரண சுகத்தின் முதல் அடையாளம் அடுத்த கிழமையே தெரிந்தது. "அம்மா, அத மூடுங்க" என்றாள். எதை என்றேன். "அந்த… தண்ணி வர்றது." குழாய் என்ற சொல் அவளிடம் இல்லை. குழாய் விற்பவரின் மகள்! அப்புறம் வலது கை. பேனையைப் பிடித்த பத்து நிமிடத்தில் விரல் நடுங்கும், எழுத்து பெரிதாகிக்கொண்டே போகும். பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் எங்கோ போய்விடுவாள். ஒன்று முதல் பத்து வரை எண்ணும் நேரம். திரும்பி வந்து, "ஏன் எல்லாரும் என்னையப் பாக்குறீங்க?" என்பாள். பின்னேரம் நாலு மணிக்கே தூக்கம். எப்போதும் சிரித்துக்கொண்டிருந்தவள், ரொட்டி ஆறிப்போனது என்று ஒரு நாள் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

காய்ச்சலின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் எல்லாரும் இதற்கெல்லாம் வேறு பெயர் தேடினார்கள். என் கணவர் கண்டுபிடித்தது போன். அதைப் பறித்து, இரண்டு நாள் கடையில் வைத்து ஆராய்ந்தார். அதில் பாடக் குறிப்புகளும் பூனைப் படங்களும் மட்டும் இருந்ததால் அவருடைய கவலை கூடியது. ஒன்றும் இல்லாத போனை வைத்திருப்பவள் எதையோ மறைக்கிறாள் என்பது அவர் தர்க்கம். அண்ணி கண்டுபிடித்தது ஒரு பையன்.

"கண்ணு எங்கியோ நிக்குதே, அப்ப மனசு எங்க நிக்கும்? யாருன்னு கேளுங்க டீச்சரம்மா. சிங்களப் பையனா இருக்கப் போறான், பேச்சுல அடிக்கடி சிங்களம் வருதுல்ல?"

இல்லாத அந்தப் பையனுக்கு அண்ணி ஊரும் வைத்தார், எம்பிலிப்பிட்டிய. மோட்டார் சைக்கிளும் கொடுத்தார். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அவன் வீட்டாரோடு பேச்சுவார்த்தைக்கே போயிருப்பார்.

நான் கண்டுபிடித்த பெயர் எல்லாவற்றிலும் கேவலம். அவள் என் கணித வகுப்பில்தான் இருந்தாள். தவணைப் பரீட்சைத் தாளில், என் மகளின் நடுங்கிய எழுத்துக்குப் பக்கத்தில் நான் எழுதினேன்: "கவனக்குறைவு. வேகம் போதாது." மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் பாரபட்சம் காட்டவில்லை என்ற பெருமிதத்தோடு எழுதினேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். விடியற்காலை பஸ் ஏறிப் போய், நம்பர் எடுத்து, வாங்குப் பலகையில் காத்திருந்து, உள்ளே போனால் டொக்டர் அம்மா மகளைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்பார்: "கொஹொமத துவ?" எப்படி இருக்கிறாய் மகளே என்று. மகள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் பதில் சொல்வேன்: "ஹொந்தாய் டொக்டர்." நல்லாயிருக்கிறாள். டொக்டர் கொப்பியில் எழுதுவார். மருந்துக் குளிசை தருவார். பஸ் ஏறி வருவோம்.

ஏன் அப்படிச் சொன்னேன்? படித்தவள்தான். ஆனால் வாயைத் திறந்து "நல்லாயில்லை" என்று சொல்லிவிட்டால், அந்த வெள்ளிக்கிழமை காலை திரும்ப வந்துவிடும் என்று வயிற்றுக்குள் ஒன்று சொன்னது. அண்ணியின் சட்டத்தை வெளியே கேலி செய்துகொண்டு, உள்ளே எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தேன். அண்ணியாவது வீட்டுக்குள்தான் பேசக் கூடாது என்றார். நான் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து அதை அமல்படுத்தினேன்.

வலிப்பு வராமல் இருக்கத் தந்த குளிசைக்கு எங்கள் வீட்டில் பெயர் "சத்துக் குளிசை." அண்ணி ஒரு நாள் வந்து, முழங்கால் உளைச்சலுக்குத் தனக்கும் இரண்டு வேண்டும் என்றார். இது என்ன குளிசை என்று சொல்லவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. பாமசியில் விற்றமின் குளிசை வாங்கி, அதே கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தேன். முழங்கால் நன்றாகிவிட்டது என்று அடுத்த கிழமை வந்து சொன்னார். எங்கள் வீட்டில் அந்த வருடம் உண்மையாகக் குணமானது அது ஒன்றுதான்.

சாதாரண தர அரசாங்கப் பரீட்சைக்கு முன்பு பாடசாலையில் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தோம். கணிதத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தினேன். மகளின் தாளில் பாதிக்கு மேல் வெறுமை. சிவப்புப் பேனையை எடுத்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவள் செய்த கணக்குகளில் ஒன்றுகூடப் பிழையில்லை. ஒவ்வொரு படியும் சரி. ஏழாவது கணக்கில் எழுத்து பெரிதாகி, வரியை விட்டு இறங்கி, தாளின் மூலைக்குச் சரிந்து போயிருந்தது. கணக்கு அவளிடம் இருக்கிறது. கைதான் வந்து சேரவில்லை. மூன்று மணி நேரம் அவளுக்கு மூன்று மணி நேரமாக இல்லை.

விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குக் கூடுதல் நேரம் கேட்கலாம் என்ற அறிவித்தல் எங்கள் பாடசாலைப் பலகையில் இருந்தது. வருடா வருடம் அதைக் குத்துவது நான்தான். வைத்தியரின் கடிதமும் பாடசாலை அதிபரின் சிபாரிசும் வேண்டும். முடிவுத் திகதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அது கிடைக்காவிட்டால் அவள் கணிதத்தில் தவறுவாள். கணிதம் தவறினால் உயர்தரம் படிக்க முடியாது. அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை.

அதிபர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"மிஸ், உங்க மகளுக்கா? அவதான் சுகமாயிட்டாளே." கோப்பைப் புரட்டி என் லீவுக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "பூரண சுகம். நீங்க எழுதினது."

"நான் எழுதினது பிழை சேர்."

"கணக்கு டீச்சர் பிழைன்னு சொல்றத இன்னைக்குத்தான் கேக்குறேன். சரி, டொக்டர்கிட்ட லெட்டர் கொண்டாங்க, கையெழுத்து வைக்கிறேன். ஆனா ஒண்ணு. நாளைக்கு பொண்ணு பாக்க வர்றவங்க எங்கிட்டதான் விசாரிப்பாங்க. ஃபைல்ல இருக்கறத நான் மறைக்க முடியாது."

"அவளுக்குப் பதினாறு வயசு சேர்."

"அதான் சொல்றேன். யோசிக்க இன்னும் நேரமிருக்கு."

அவளுக்குப் பரீட்சைக்கு நேரமில்லை, எனக்கு யோசிக்க நேரமிருக்கிறதாம். அன்று பின்னேரம் கடைக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு குழாய்த் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எழுதிக் குடுத்தா அது அப்புடியே நெலச்சிராதா?"

"எழுதாட்டியும் நெலச்சிதான் இருக்கு. நீங்க போன்ல தேடுறீங்க, ஒங்க அக்கா எம்பிலிப்பிட்டியில தேடுறாங்க."

"அக்காவுக்கு யாரு சொல்றது?"

"மொதல்ல டொக்டருக்குச் சொல்றேன். அக்கா வரிசையில நிக்கட்டும்."

முடிவுத் திகதிக்கு முன்பே கிளினிக் நாள் வந்தது, போனோம். டொக்டர் வழக்கம்போல மகளைப் பார்த்துக் கேட்டார். வழக்கம்போல மகள் என்னைப் பார்த்தாள். வழக்கம்போல என் வாயில் "ஹொந்தாய்" வந்துவிட்டது! வந்த காரியம் என்னவென்று நினைவு வந்து, அவசரமாக, "ஹொந்த நே டொக்டர்" என்றேன். நல்லாயில்லை. கூடுதல் நேரத்துக்குக் கடிதம் வேண்டும் என்றேன்.

டொக்டர் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினார். நான்கு பக்கம். நான்கிலும் என் வாய்மொழி அவர் கையெழுத்தில் இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வருடமாக நல்லாயிருந்தவள் பரீட்சை வந்ததும் நல்லாயில்லாமல் போய்விட்டாளா என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கடிதத்துக்காகக் கதை கட்டும் பெற்றோரை நிறையப் பார்த்த களைப்பு இருந்தது. ஒரு வருடம் பொய் சொல்லும்போது நம்பினார். உண்மையைச் சொன்ன அன்று சந்தேகப்படுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"அம்மா கொஞ்சம் வெளியே இருங்கள்" என்றார்.

வெளி வாங்கில் உட்கார்ந்தேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே மகள் சிங்களத்தில் பேசத் தொடங்கினாள். ஒரு வருடத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை நினைவு அறுந்துபோகிறது என்றாள். பாடசாலைப் படியில் ஒருமுறை விழுந்ததை, தடுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னாளாம். எந்தச் சாப்பாட்டுக்கும் வாசனை தெரிவதில்லை. கோயில் மேளம் மண்டைக்குள் அடிக்கிறது. ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது, பிறந்ததிலிருந்து நடக்கிற பாதை, எது வீட்டுப் பக்கம் என்று தெரியாமல் தேயிலைக்கு நடுவில் நின்றிருக்கிறாள். கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் வரும்வரை நின்று, அவர்கள் பின்னால் நடந்து வந்திருக்கிறாள்.

அம்மாவிடம் சொல்லவில்லையா என்று டொக்டர் கேட்டார்.

"வீட்டில் அதைப் பற்றிப் பேசக் கூடாது. தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. பேசினால் திரும்ப வருமாம்." பிறகு சொன்னாள்: "அம்மா ரொம்பப் பயந்துவிட்டா. நான் நல்லாயிருக்கிறேன் என்று சொல்லும்போது மட்டும்தான் அவ முகம் சரியாக இருக்கும்."

வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள அம்மா என் கையைப் பிடித்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அரை மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். பொருட்களின் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டிருக்கிறார், எழுதச் சொல்லியிருக்கிறார், ஒற்றைக் கோட்டில் நடக்கச் சொல்லியிருக்கிறார். மேசையில் கிடந்த தாளில் எனக்குப் பழக்கமான அந்தப் பெரிதாகும் எழுத்து.

"தண்ணீர் ஊற்றியதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்" என்றார் டொக்டர். "எனக்கு அம்மை வந்தபோது எங்கள் அம்மாவும் ஊற்றினார். ஆனால் அவர் என் டொக்டரிடம் பொய் சொல்லவில்லை. அந்த நினைவு அறுந்துபோவது ஒரு வகை வலிப்பு. முதல் தடவையே சொல்லியிருந்தால் குளிசையின் அளவை அன்றே கூட்டியிருப்பேன்."

ஒரு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிகாலையில் எழுந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அவளுக்குக் கிடைக்க வேண்டிய மருந்தைக் கிடைக்காமல் செய்வதற்காகப் பஸ் ஏறிப் போயிருக்கிறேன். இதை இங்கே எழுதும்போதும் கை கூசுகிறது. சத்துக் குளிசை என்று சிரிக்கவைத்து எழுதியதும் நான்தான்.

கடிதம் கிடைத்தது. வைரஸால் வந்த மூளை அழற்சியின் நீடித்த பாதிப்பு என்று எழுதி, கூடுதல் நேரத்துக்குச் சிபாரிசு செய்திருந்தார். "நீடித்த" என்றால் எவ்வளவு காலம் என்று கேட்டேன். சில குறையலாம், சில அவளோடேயே இருக்கலாம் என்றார். அதிபர் கையெழுத்து வைத்தார். முத்திரையைக் கொஞ்சம் சத்தமாகக் குத்தினார். அனுமதி வந்தது.

கணிதப் பரீட்சை அன்று, டவுன் பாடசாலை கேற்றுக்கு வெளியே பெற்றோரோடு நின்றேன். மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்தார்கள். என் மகள் வரவில்லை. வெளியே வந்தவர்களுக்கெல்லாம் கணக்கு டீச்சரின் மகள் எங்கே என்பதுதான் அடுத்த வினாத்தாள்.

"என்னா டீச்சர், புள்ள இன்னும் எழுதுறாளா? மணி அடிச்சிருச்சே" என்றார் பஜாரில் தையல் கடை வைத்திருப்பவர்.

"அவளுக்குக் கூடுதலா நேரம் குடுத்திருக்காங்க."

"அது எப்புடி? டீச்சர் மகள்னா கூடுதல் நேரமா? அப்ப டெய்லர் மகனுக்கு?"

நாலு பேர் சிரித்தார்கள். ஒரு வருடமாக விழுங்கிய சொல் பழகிப்போன வழியில் மறுபடி உள்ளே இறங்கப் பார்த்தது.

"என் மகளுக்கு மூளைக் காய்ச்சல் வந்துச்சு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "டெய்லர் மகனுக்கு அது வராம இருக்கட்டும். வந்தா எங்கிட்ட வாங்க, அப்ளிகேஷன் நானே எழுதித் தாறேன்."

சிரிப்பு நின்றது. யாரும் வலிப்பு வந்து விழவில்லை. மழை மட்டும் தூறத் தொடங்கியது, அதுவும் இரத்தினபுரிப் பக்கத்தில் தினமும் செய்வதுதான்.

கடைசியாக அவள் வந்தாள். வலது கையை இடது கையால் பிசைந்துகொண்டு, மெதுவாக. கடைசிக் கணக்கை விட்டுவிட்டேன் என்றாள். நேரம் இருந்ததாம், தலை போதும் என்று சொல்லிவிட்டதாம். மற்றதெல்லாம் எழுதியிருக்கிறாள். போதுமா என்று என்னைக் கேட்டாள். போதும் என்றேன். உண்மையில் போதுமா என்று எனக்குத் தெரியாது. பெறுபேறு இன்னும் வரவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்: "கேற்றுல எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க. என்னா சொன்னீங்க?"

"மூளைக் காய்ச்சல் வந்துச்சுன்னு சொன்னேன்."

"அது போன வருசம் வந்து போயிருச்சு. இப்ப இருக்கறது அது விட்டுட்டுப் போனது. அதையும் சொல்லணும், இல்லாட்டி சுகமாயிட்டேன்னு நெனப்பாங்க." சொல்லிவிட்டுக் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

என் போன் அடித்தது. அண்ணி.

"பரீட்ச எப்புடி? எல்லாரும் வந்துட்டாங்களாம், புள்ள மட்டும் லேட்டாம்? யாரோடயாவது போயிட்டாளா?"

"எங்கூடத்தான் இருக்கா. அண்ணி, அவ போடுற அந்தச் சத்துக் குளிசை இருக்கே, அது சத்துக் குளிசை இல்ல."

"அப்ப என்னா?"

பஸ் வளைவில் சாய்ந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். மகள் தூங்கிவிட்டாள். முன் சீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்.